மூங்கில் துணித் தொட்டில்

ஆடி பிறந்துவிட்டால் மலைமேட்டுக்கு அந்தப் பக்கம் எதுவும் காயாது. கீழே போடியில் வெயில் மண்டையைப் பிளந்துகொண்டிருக்கும். அடிவாரத்து முந்தலைத் தாண்டி ஜீப்பு வளைந்து வளைந்து ஏறி, மேட்டு எல்லைச் சோதனைச்சாவடியைக் கடந்து அந்தப் பக்கம் இறங்கினால் நூல்மழை. கொட்டித் தீர்த்துவிட்டுப் போகிற மழையென்றாலும் பரவாயில்லை. இது விருந்துக்கு வந்த ஆள் ஊருக்குக் கிளம்ப மனசில்லாமல் உட்கார்ந்திருக்கிற மாதிரி உட்கார்ந்திருக்கும். தோட்டத்து ஆட்கள் குடியிருக்கிற லயத்துக் கொடியில் போட்ட துணி நாலைந்து நாளானாலும் போட்டபடி கிடக்கும், புளித்த வாடை மட்டும் புதிதாகச் சேர்ந்திருக்கும்.

அந்தக் காட்டில் காய்கிற ஒரே பொருள் ஏலக்காய். அதற்கென்று ஸ்டோர் கட்டி, அடுப்பு வைத்து, விடாமல் விறகு எரிக்கிறார்கள். மனுசர் துணிக்கு அந்தக் கொடுப்பினை கிடையாது.

இத்தனைக்கும் அந்த ஸ்டோரில் அடுப்புப் பார்க்கிற ஆள் சந்திரவல்லியின் புருசன் லிங்கேஸ்வரன்தான். ஒரு தடவை அவள் பிள்ளைத் துணிகளைக் கொண்டுபோய் ஓரமாகப் போட்டுவிட்டு வந்தாள். ஏலக்காய்க்கு ஒரு குணம், பக்கத்தில் எது இருக்கிறதோ அதன் வாடையை இழுத்துக்கொள்ளும். மூத்திரவாடை வருகிறது என்று முதலாளி ஒரு தட்டுக் காயை முகர்ந்து பார்த்துவிட்டு லிங்கேஸ்வரனைக் கேட்ட கேள்வியில் அவன் அன்றைக்குச் சோறு தின்னவில்லை. அதோடு ஸ்டோர்க் கதவு அவளுக்கு அடைத்துவிட்டது.

பிள்ளை சூர்யபிரகாஷ் பிறந்து ஒன்பதாம் மாதம் நடந்துகொண்டிருந்தது. ஆனி கடைசியில் அவனுக்கு நெஞ்சில் சளி கட்டி, விலா உள்ளே போய்ப் போய் வந்தது. போடி ஆஸ்பத்திரியில் வைத்திருந்து கூட்டி வந்தார்கள். ஈரம் ஆகாது, ஈரத்துணி பக்கத்திலேயே போகக்கூடாது என்று டாக்டரம்மா சொல்லி அனுப்பினார். அந்தச் சொல்லைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள் மருதாயி.

மருதாயி லிங்கேஸ்வரனின் அக்கா. போடிக்குப் பக்கத்துச் சிலமலையில் மொச்சையும் மக்காச்சோளமும் போட்டுக்கொண்டு தனிக்கட்டையாக இருக்கிறவள். தாய் இல்லாத தம்பியைத் தோளில் போட்டு வளர்த்தவள். அவளுடைய ஒரே மகன் கோயமுத்தூர்ப் பக்கம் போய் அங்கேயே தங்கிவிட்டான்.

"பிள்ளைய எங்கிட்டக் குடுத்துட்டுப் போங்க" என்றாள். "தை வரைக்கும் சிலமலையில இருக்கட்டும். பசும்பால் இருக்கு, கேப்பைக்கூழ் குடுக்கேன். அந்தக் குளிர்லயும் அட்டைக்கடியிலயும் போட்டு ஏன் சாகடிக்கணும்?"

"பால் குடிக்கிற பிள்ள மதினி" என்றாள் சந்திரவல்லி.

"பால் குடிச்சுத்தான விலா ஒடுங்கிப்போயி வந்தான்?"

லிங்கேஸ்வரன் யார் பக்கமும் பேசவில்லை. அக்கா சொல்வதிலும் தப்பில்லை, பெண்டாட்டி சொல்வதிலும் தப்பில்லை என்று இரண்டு பக்கமும் தலையாட்டுகிற ரகம் அவன். கடைசியில் சந்திரவல்லிதான் பிள்ளை தலையில் கை வைத்து, ஒரு பொட்டு ஈரம் படவிடமாட்டேன் என்று சொன்னாள்.

"படவிட்டா?" என்றாள் மருதாயி.

"படவிட்டா நீங்களே தூக்கிட்டுப் போங்க."

வாய் இருக்கிறதே, அது சில நேரம் நமக்கே குழி வெட்டிவிட்டு வந்து உட்கார்ந்துகொள்ளும்.

சந்திரவல்லியின் அண்ணன் சின்ராசு போடியில் பஞ்சுமெத்தைக் கடையில் வேலை பார்த்தான். இலவம்பஞ்சு அடைத்து அடைத்து அவன் புருவம், காது மயிர் எல்லாம் இலவங்காய் வெடிக்கிற சித்திரை வைகாசியில் வெள்ளையாகத்தான் இருக்கும். கண்ணை மூடிக்கொண்டு கையில் வாங்கினால் போதும், இது நம்மூர்க் காய், இது கம்பத்துக் காய், இதில் பழைய பஞ்சு கலந்திருக்கிறது என்று சொல்லிவிடுவான். தான் கல்யாணம் கட்டாமல் தங்கச்சியைக் கட்டிக் கொடுத்தவன். மருமகன் பிறந்த அன்றைக்குக் கடை முழுக்க மிட்டாய் கொடுத்துவிட்டு, அந்த வாரச் செலவுக்கு முதலாளியிடம் கை நீட்டினான்.

ஆடி முதல் ஞாயிற்றுக்கிழமை ஜீப்பில் தொற்றிக்கொண்டு லயத்துக்கு வந்தான். பிள்ளையின் முதுகைத் திருப்பிப் பார்த்தான். வேர்க்குருவும் தடிப்புமாகச் சிவந்து கிடந்தது. தொட்டிலாகக் கட்டியிருந்தது பழைய நைலக்ஸ் சேலை.

"இதுலயா போடுற? இது மண்ணெண்ணெயில செஞ்ச துணி வல்லி. வேர்வைய வாங்காது. சீக்கிரம் காயுதுன்னு நீங்க இதையே கட்டிட்டு அலையுறீக."

"காயுற துணிதான அண்ணே இங்க வேணும்?"

"இந்தா, இதத் தொட்டுப் பாரு." பையிலிருந்து பால் நிறத்தில் ஒரு துணியை எடுத்துப் பிரித்தான். கையில் வழுவழுவென்று வழிந்தது. சந்திரவல்லி அதைக் கன்னத்தில் வைத்துப் பார்த்தாள். குளிர்ச்சியாக இருந்தது.

"பட்டாண்ணே?"

"மூங்கிலு" என்றான் சின்ராசு. அவன் முகத்தைப் பார்க்கவேண்டுமே, மூங்கிலை அவனே நட்டு வளர்த்த மாதிரி. "மெத்த உறைக்குன்னு கம்பெனிக்காரன் கொண்டாந்தான். மூங்கில் காட்டனாம். மூங்கில வெட்டி, மருந்து போட்டுக் கூழாக் காய்ச்சி, இடியாப்பம் பிழியுறாப்புல சன்னமா நூலாப் பிழிஞ்சு எடுக்காகளாம். தண்ணி பாய்ச்ச வேண்டியதில்ல, பூச்சிமருந்து அடிக்க வேண்டியதில்ல, வெட்டுனா திரும்பத் தழைக்குது. பிஞ்சுபோச்சுன்னா மண்ணுல போட்டா மக்கிப்போகும். இந்த நைலக்ஸ் இருக்கே, நம்ம பேரன் காலத்துலயும் இந்தக் காட்டுலயேதான் கெடக்கும்."

"மரத்துல எப்பிடிண்ணே இம்புட்டு மெதுவா வரும்?"

"நானும் நம்பல." சின்ராசு துணியின் ஓரத்திலிருந்து ஓர் இழையை உருவினான். தீக்குச்சியைக் கிழித்து அதன் நுனியில் வைத்தான். இழை சுருளாமல், உருகாமல், கடகடவென்று எரிந்து முடிந்தது. விரலில் தேய்த்ததும் பொடியாகப் போயிற்று. மூக்கருகே நீட்டினான். "தாளு எரிஞ்ச வாடை வருதா? பிளாஸ்டிக்கா இருந்தா உருண்டு முத்தாகும், கைய ஒட்டும். இது சுத்தம். பருத்தி எப்பிடி எரியுமோ அப்பிடி எரியுது. பருத்தியவிட மெதுவா இருக்கு. மூங்கிலுக்கு உள்ள வலுவு இருக்கு. தாய்மாமன் சீரா நெனச்சுக் கட்டு."

பஞ்சுக்காரன் வேறு என்ன செய்வான்? தீயைத்தான் கேட்டான். தீ சொன்னதில் பொய் ஒன்றும் இல்லை. லிங்கேஸ்வரன் ஸ்டோரிலிருந்து வந்து தொட்டிலைப் பிடித்துத் தொங்கிப் பார்த்தான். இரும்பாக நின்றது. மூவரும் கப்பக்கிழங்கும் கருவாட்டுக் குழம்பும் தின்றார்கள், பால் இல்லாத கட்டன்சாயா குடித்தார்கள். கடைசி ஜீப்புக்குச் சின்ராசு ஓடினான்.

ஒரு வாரத்தில் பிள்ளையின் முதுகு வாழைக்குருத்து மாதிரி ஆகிவிட்டது. அதையும் சொல்லத்தான் வேண்டும். அப்படித் தூங்கினான் அந்தத் துணியில். இடுப்பில் துணி கட்டித்தான் போட்டாள், அதனால் தொட்டிலை அலசுகிற வேலை வரவில்லை.

சம்பவம் நடந்த அன்றைக்குக் காலையில் பிள்ளைக்கு வயிற்றுப்போக்கு. தொட்டில் முழுக்க நாசம். ஏலக்காய் எடுக்க அவளோடு போகிற ஆள் கிளம்பிவிட்டது, கண்டக்டர் சத்தம் போடுகிறார். அங்கே கண்டக்டர் என்றால் பஸ்சில் சீட்டுக் கொடுக்கிறவர் இல்லை, வேலை வாங்குகிறவர். மாற்றுத் தொட்டிலுக்கு அந்த நைலக்ஸ் சேலைதான் உண்டு, அதைக் கட்டினால் முதுகு பழையபடி வெந்துபோகும். சந்திரவல்லி குழாயடியில் மூங்கில் துணியை அலசினாள். புதுத்துணி கசங்குமே என்று முறுக்காமல் உள்ளங்கையால் அழுத்தித் தண்ணீரை எடுத்தாள். அடுப்பு மேலே கொஞ்ச நேரம் பிடித்தாள், ஆவிதான் வந்தது. அந்த ஈரத்தோடு மடித்துக் கூடையில் வைத்தாள்.

காட்டுக்குள்ளே அவர்கள் எடுக்கிற வரிசைக்குப் பக்கத்தில் ஒரு பலாமரம். மழை இறங்காமல் மேலே படுதா கட்டியிருந்த அதன் தாழ்ந்த கிளையில் தொட்டிலைக் கட்டினாள். உள்ளே காய்ந்த துண்டு ஒன்றை மடித்து விரித்து, அதன்மேல் பிள்ளையைப் போட்டாள். மேலே தொட்டால் ஈரம் தெரியாது. புருசன் வந்து தொட்டாலும் தெரியாது என்று அவள் நினைத்தாளா இல்லையா என்று கேட்டால், நினைத்தாள்.

ஏலச்செடியின் அடியில் குனிந்து காய் பிடுங்கிக்கொண்டிருந்தபோது சர்ரென்று ஒரு சத்தம். தாளைக் கிழிக்கிற மாதிரி. அப்புறம் சின்னதாகத் தொப்பென்று. பிள்ளை அழவில்லை. அழாத அந்தக் கொஞ்ச நேரத்தை மட்டும் அவள் பிற்பாடு யாரிடமும் பேசியதில்லை. அப்புறம் அழுதான். சருகு மெத்தையில் விழுந்ததால் உயிர் பிழைத்தான், ஆனால் நெற்றி ஒரு கல்லில் பட்டுப் பிளந்திருந்தது. பக்கத்து வரிசைத் தேவி தன் முந்தானையைக் கிழித்துக் கட்டினாள். முதலாளியின் ஜீப்பில் போடிக்கு இறக்கினார்கள். கொண்டைஊசி வளைவுகளில் இறங்குகிற நேரமெல்லாம் சந்திரவல்லி பிள்ளையின் மூக்கில் விரல் வைத்துப் பார்த்துக்கொண்டே வந்தாள்.

தையல் போட்டு, தலையைப் படம் எடுத்து, உள்ளே ஒன்றும் இல்லை என்று சொல்லிவிட்டார்கள். அதற்குள் சிலமலையிலிருந்து மருதாயி வந்துவிட்டாள். கடையிலிருந்து சின்ராசு பஞ்சுத் தலையோடு ஓடிவந்தான்.

"புதுத்துணி எப்பிடிக் கிழிஞ்சுச்சு?" என்று மருதாயி கேட்டாள். "என்ன துணி அது?"

"மூங்கில் துணிங்க, மண்ணுல போட்டா மக்கிப்போகும், கெடுதல் இல்லாதது" என்றான் சின்ராசு. பொய் சொல்லத் தெரியாதவன்.

மருதாயி அப்படியே ஆஸ்பத்திரித் தரையில் உட்கார்ந்துவிட்டாள். "மூங்கிலா? மூங்கில எதுக்குப்பா கட்டுவாக? பாடைக்குக் கட்டுவாக. நீ தொட்டிலுக்குக் கட்டுனியா?"

மூங்கில் முறத்தில்தான் அவள் வீட்டில் மொச்சை புடைத்தார்கள். மூங்கில் கூடையைத்தான் கோழிக்குக் கவிழ்த்தார்கள். அந்த நேரத்தில் அதெல்லாம் யாருக்கு ஞாபகம் வரும்? அந்தச் சொல் விழுந்ததும் லிங்கேஸ்வரன் முகம் செத்துப்போயிற்று.

"மண்ணுல போட்டா மக்குற துணியாம்ல. மக்குறதயா பிள்ளைக்குக் கொண்டாருவான் ஒரு தாய்மாமன்?" என்றாள் மருதாயி.

"துணி மேல தப்பில்லங்க, பாருங்க." சின்ராசு, பிள்ளையோடு ஜீப்பில் வந்து அதற்குள் காய்ந்துபோயிருந்த கிழிந்த துணியிலிருந்து ஓர் இழையை உருவி, ஆஸ்பத்திரி வாசலில் வைத்தே தீக்குச்சியைக் கிழித்தான். "பாருங்க மாப்ளே, சாம்பலாத்தான் போகுது. பருத்தி மாதிரியே..."

"மச்சான்" என்றான் லிங்கேஸ்வரன். அவன் குரல் உயரவே இல்லை. "பிள்ள உள்ள தையலோட கெடக்கு. நீங்க தீப்பெட்டிய வச்சு வெளையாடுறீக. போயிருங்க."

சந்திரவல்லி அண்ணனைப் பார்க்காமல் பிள்ளையிடம் உள்ளே போனாள். துணி கிழிந்ததற்கு ஈரம் காரணமாயிருக்கும் என்று அவளுக்குத் தோன்றவே இல்லை. நனைந்த பருத்திக் கயிறு இன்னும் இறுகும் என்பது துணி துவைக்கிற எவளுக்கும் தெரிந்ததுதானே. அண்ணன் ஏமாந்துவிட்டான் போல என்றே அவளும் நினைத்தாள்.

ஆவணியில் சிலமலைக் குலசாமி கோயிலில் காதுகுத்து என்று முன்பே முடிவாகியிருந்தது. மருதாயி இப்போது ஒன்றைச் சேர்த்தாள். பாடைத் துணி கொடுத்தவன் மடியில் பிள்ளை உட்காரக்கூடாது. தேவாரத்திலிருந்து சந்திரவல்லியின் பெரியப்பா மகன் முனீஸ்வரன் வரட்டும், அவனும் மாமன்தான். இதற்கும் லிங்கேஸ்வரன் தலையாட்டினான். மாமன் மடி மாறிப்போனால் அப்புறம் கல்யாணமோ காரியமோ, அந்த வீட்டு வாசலில் சின்ராசு நிற்க முடியாது. அது எல்லோருக்கும் தெரியும்.

லயத்துக்குத் திரும்பிய பிறகு ஒருநாள் சந்திரவல்லி அந்தத் துணியைக் குழாயடிக் கல்லில் வைத்தாள். ரத்தக்கறை போக வேண்டும், பிள்ளைக்கு வேறு எதற்காவது ஆகும். நனைத்து, சோப்புப் போட்டு, இரண்டு கையாலும் கசக்கினாள். துணி கிழிந்து கையோடு வந்துவிட்டது. அவள் பெலத்தைக் கொடுக்கவே இல்லை. இன்னோர் இடத்தில் பிடித்தாள், அங்கேயும் விட்டது. நனையாமல் கிடந்த அடுத்த மூலையைப் பிடித்து இழுத்தாள். காலில் மிதித்துக்கொண்டு இழுத்தாள். அசையவில்லை. அதே மூலையைக் குழாயில் காட்டி இழுத்தாள், கிழிந்தது.

கூழாகக் காய்ச்சிப் பிழிந்த நூல், தண்ணீரைக் கண்டதும் பழைய கூழாகப் போகப் பார்க்கிறது. சின்ராசு தீயைக் கேட்டவன் தண்ணீரைக் கேட்காமல் விட்டுவிட்டான். மெத்தைக்கு யார் தண்ணீர் ஊற்றப் போகிறார்கள்?

சந்திரவல்லி கல்லில் உட்கார்ந்துவிட்டாள். அண்ணன் மேல் தப்பில்லை, மூங்கில் மேலும் தப்பில்லை. சொன்னால் போதும், மாமன் மடி அண்ணனுக்குத் திரும்பக் கிடைக்கும். ஆனால் எப்படிச் சொல்வாள்? ஈரத்தில்தான் கிழிந்தது என்றால், ஈரத்தில் பிள்ளையைப் போட்டது யார் என்ற கேள்வி அடுத்த மூச்சில் வரும். படவிட்டால் நீங்களே தூக்கிட்டுப் போங்க என்று தலையில் கை வைத்துச் சொன்ன வாயும் இதே வாய்தான். வாசலிலிருந்து பிள்ளை தவழ்ந்து வந்து அவள் முழங்காலைப் பிடித்து நின்றான். அவனைத் தூக்கி முந்தானைக்குள் வைத்துக்கொண்டாள். மழை விடவில்லை.

பாறைத் திருப்பத்துக்கு ஏறினால்தான் செல்லில் பேச முடியும். பிள்ளையை இடுப்பில் வைத்து, குடை பிடித்துக்கொண்டு ஏறினாள்.

"அண்ணே, சாப்புட்டியா?"

"ம். பய எப்பிடி இருக்கான்?"

"புண்ணு ஆறிருச்சுண்ணே. புடிச்சுக்கிட்டு நிக்கிறான்."

"நிக்கிறானா." என்று திருப்பிக் கேட்டான் சின்ராசு. "நான் கடைக்குப் போகல வல்லி. மொதலாளி ஆள் விட்டுக் கூப்புட்டாக. பஞ்சத் தொட்டா இது பஞ்சுதானான்னு எனக்கே சந்தேகமா இருக்கு. இத்தன வருசம் இந்தக் கைய நம்பிச் சோறு தின்னேன். அதே கையால பிள்ளையக் கீழ போட்டுட்டேன்."

"நீ போடலண்ணே."

"வேற யாரு போட்டா?"

 இடுப்பில் இருந்த பிள்ளை செல்லைப் பிடுங்கக் கை நீட்டினான்.

"மழையா இருக்குண்ணே, அப்புறம் பேசுறேன்" என்று வைத்துவிட்டாள்.

ஆவணியில் கோயிலில் பொங்கல் வைத்தார்கள். கிடாய்க்கறி கொதித்தது. மலையிலிருந்து இறங்கி வந்தவர்களுக்குச் சிலமலை வெயிலில் கண் கூசியது. ஆசாரி ஊசியைத் தீயில் காட்டிக்கொண்டிருந்தார். பலகையில் புது வேட்டி கட்டி முனீஸ்வரன் உட்கார்ந்திருந்தான். அவனுக்கும் மனசில்லை, நெளிந்துகொண்டேயிருந்தான்.

சின்ராசு வந்தான். வரவேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை, வா என்றும் சொல்லவில்லை. கையில் தாம்பாளம், அதில் பிள்ளைக்குச் சட்டை, வாழைப்பழம், ஒரு சின்னப் பெட்டியில் கடுக்கன். தூரத்தில் புளியமரத்தடியில் நின்றுகொண்டான். ஆள் பாதியாகிப் போயிருந்தான்.

"வந்தவன வான்னு சொல்லு" என்றாள் மருதாயி. "கறிச்சோறு தின்னுட்டுப் போகட்டும். மடிக்கு மட்டும் வேண்டாம்."

சந்திரவல்லி பிள்ளையைத் தூக்கிக்கொண்டு பலகை வரைக்கும் போனாள். முனீஸ்வரன் கையை நீட்டினான். அவள் கொடுக்கவில்லை. புளியமரத்தைப் பார்த்தாள். அண்ணன் தாம்பாளத்தைக் கீழே வைக்கவும் இல்லை, யாரும் வாங்கவும் இல்லை. கோயிலுக்கு வந்த பிச்சைக்காரன் மாதிரி நின்றான். அவளால் தாங்க முடியவில்லை.

பிள்ளையைப் புருசன் கையில் கொடுத்தாள். பையிலிருந்து மூங்கில் துணியின் மீதியை எடுத்தாள். பொங்கலுக்கு வைத்திருந்த குடத்து நீரில் ஒரு முனையை முக்கி, எல்லோருக்கும் தெரிகிற மாதிரிப் பிடித்து இழுத்தாள். கிழிந்தது. காய்ந்த முனையை லிங்கேஸ்வரன் பக்கம் நீட்டினாள்.

"இழுத்துப் பாருங்க."

அவன் இழுத்தான். வரவில்லை.

"இந்தத் துணி ஈரம் பட்டா விட்டுரும். அது எங்கண்ணனுக்குத் தெரியாது. அன்னைக்கு நாந்தான் ஈரத்தோட கட்டுனேன். மேல துண்டு போட்டு மறைச்சேன்."

மருதாயி எழுந்து வந்தாள். துணியை வாங்கி நனைந்த இடத்தைத் தடவிப் பார்த்தாள். "அப்ப மூங்கிலுனால இல்ல."

"இல்ல மதினி."

"ஈரத்துனால."

"ஆமா."

மருதாயி கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் பதிலுக்குச் சத்தம் போடலாம். அவள் திரும்பிப் புளியமரத்தைப் பார்த்தாள். "ஏப்பா சின்ராசு, நான் பேசுனது தப்பு. மனசுல வைக்காத. வெரசா வா, வந்து பிள்ளைய வாங்கு."

சின்ராசு ஓடிவந்தான். முனீஸ்வரன் தப்பித்தோம் என்று எழுந்துகொண்டான். மாமன் மடியில் பிள்ளை உட்கார்ந்தது, ஆசாரி குத்தினார், வீல் என்று கத்தியது. பிள்ளையோடு சேர்ந்து சின்ராசும் அழுதான், சிரித்தான். "நான் எரிச்சுப் பாத்தது சரிதான் மாப்ளே, நனைச்சுத்தான் பாக்கல" என்று வந்தவன் போனவனிடமெல்லாம் சொன்னான். இரண்டு தடவை கறி வாங்கித் தின்றான். தங்கச்சி தின்றாளா என்று அவன் பார்க்கவில்லை. அவ்வளவு சந்தோசம்.

பொழுது சாய்வதற்குள் மேலே போக ஜீப்பு வந்துவிட்டது. பிள்ளை மருதாயி தோளில் தூங்கிக்கொண்டிருந்தான். காதில் மஞ்சள் அப்பியிருந்தது.

"தை பொறக்கவும் வந்து கூட்டிட்டுப் போ" என்றாள் மருதாயி. "நடுவுல ஞாயித்துக்கெழம வந்து பாரு. நான் என்ன திங்கவா போறேன்? நீ சொன்ன சொல்லுதான வல்லி."

சந்திரவல்லி புருசனைப் பார்த்தாள். அவன் கிழிந்த துணியை மடித்து அவள் கையில் கொடுத்தான். "ஏறு, மழைக்கு முன்ன மேட்டத் தாண்டணும்" என்றான்.

சின்ராசு ஜீப்புக் கம்பியைப் பிடித்துக்கொண்டு வந்தான். "வல்லி, நாளைக்கே கடைக்குப் போறேன். மொதலாளிகிட்டயும் சொல்லணும், இந்தத் துணிய நனைச்சுப் பாத்து வாங்கணும்னு." அப்புறம்தான் அவள் மடியைப் பார்த்தான். "பய எங்க?"

"மதினிகிட்ட இருக்கான்."

"எப்ப வருவான்?"

ஜீப்பு நகர்ந்தது. அவன் கம்பியை விடாமல் கொஞ்ச தூரம் கூடவே ஓடிவந்தான். அவன் முகத்தில் இருந்த சந்தோசமெல்லாம் இறங்கிப்போவதை அவள் பார்த்தாள். ஜீப்பு வேகம் பிடித்ததும் அவன் கை விட்டுப்போயிற்று.

முந்தலில் அவளுக்கு மார்பு கனத்தது. அவன் பால் குடிக்கிற நேரம். மலைவழியில் புலியூத்தைத் தாண்டும்போது ரவிக்கை நனைந்தது. பக்கத்தில் இருந்தவர்கள் பார்க்காதபடி திரும்பி, அந்தத் துணியை நாலாக மடித்து உள்ளே வைத்துக்கொண்டாள். மெதுவாக, குளிர்ச்சியாக இருந்தது. பாலையெல்லாம் வாங்கிக்கொண்டது.

மேட்டைக் கடந்ததும் நூல்மழை ஆரம்பித்தது. லிங்கேஸ்வரன் படுதாவை இழுத்துவிட்டான். அவள் துணியைப் பிழிந்து மாற்றி வைக்கலாம் என்று வெளியே எடுத்தாள். பிழியவே வேண்டியிருக்கவில்லை. எடுக்கும்போதே இரண்டு கையிலும் இரண்டு துண்டாக வந்தது.